உட்கார்ந்திருந்தால் போதும்

— உன்னை என்ன மலையையா பெயர்க்கச் சொன்னேன்? உட்காருன்னுதானே சொல்றேன்.

— அக்கா, மெதுவா பேசு. பக்கத்து ரூம்ல கட்சிக் கொறடா இருக்காரு.

— இருக்கட்டுமே. மசோதாவுக்குச் சம்மதம்னா எழுந்து நிக்கணும், இல்லேன்னா உட்கார்ந்த இடத்துலயே இருக்கணும். அவ்வளவுதானே உங்க சபையில ஓட்டு? இதுக்கு என்னடா இவ்வளவு பயம்?

— அதாவதுக்கா, ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு. நான் ஒருத்தன் உட்கார்ந்தா மசோதா விழுந்துடும். நாளைக்கு நான் கட்சியில இருக்க மாட்டேன்.

— நீ ஒருத்தன் நின்னா எங்க வேலைச் சட்டம் போயிடும். கேட்டுக்கோ, அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜவுளிக்கடைக்குள்ள காலையில போய் நின்னா கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். வாங்க ஆளே வரலேன்னாலும் நிக்கணும். சுவத்துல கொஞ்சம் சாஞ்சா சம்பளத்துல பிடிப்பான்.

— தெரியும்கா.

— என்ன தெரியும்? இந்தக் காலைப் பாரு.

— ஐயோ, மூடுக்கா. யாராவது வந்துடப் போறாங்க.

— வரட்டும். நரம்பு முடிச்சு முடிச்சா சுருண்டு கிடக்குது பாரு. இப்படி நின்னுதான்டா உன்னைப் படிக்க வச்சேன். வயித்துல இருந்ததும் நின்ன நிலையிலயே போச்சு. இப்பத்தான் ஆளுக்கு ஒரு ஸ்டூலு, இத்தனை மணி நேரம்தான் வேலைன்னு எங்களுக்கும் ஒரு நியாயம் கிடைச்சுது.

— அந்தச் சட்டம் வந்தப்ப மேஜையைத் தட்டினவன்தான்கா நானும்.

— அப்ப தட்டிட்டு இப்ப எதுக்குப் பிடுங்கறே? எங்க கடைப் பொண்ணுங்க அத்தனை பேரும் வெளியே வெயில்ல நிக்கறாளுங்க. அக்கா சொன்னா தம்பி தட்ட மாட்டாருன்னு என்னை நம்பி லீவு போட்டுட்டு வந்திருக்காளுங்க.

— அதாவதுக்கா, இது ஒரே மசோதா. அதுல ரெண்டு சட்டம் போகுது. உங்க வேலைச் சட்டமும் போகுது, சின்னக் கடை வரியும் போகுது. ஒண்ணை எடு, ஒண்ணை விடுன்னு சொல்ல முடியாது.

— எந்தப் புண்ணியவான்டா அது ரெண்டையும் சேர்த்துக் கட்டினது?

— ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோபம். நான் என்னக்கா பண்ணட்டும்?

— பேச்சை மாத்தாதே. யாரு கட்டினது?

— விடுக்கா.

— சொல்லுடா.

— நான்தான்.

— என்ன உளர்றே?

— வரி பாக்கின்னு மாமா கடைக்குப் பூட்டுப் போட வந்தாங்களே, அன்னைக்கு மாமா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. கதவை உடைச்சுதான் உசுரோட தூக்கிட்டு வந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னே?

— அந்த வரி ஒழிஞ்சாத்தான் இந்த மனுஷன் பிழைப்பாருன்னு சொன்னேன்.

— போய் ஒவ்வொருத்தனாக் கெஞ்சினேன். சபையில பாதிப் பேரு பெரிய முதலாளிங்களோட ஆளுங்க. கடை வரியை எடுக்க நாங்க வர்றோம், வேலைச் சட்டத்தை எடுக்க நீ வான்னாங்க. தலையாட்டிட்டேன். மாமா உசுருக்கு நான் கொடுத்த விலைதான்கா உங்க சட்டம்.

— பாவி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?

— தெரியலையே. எனக்குத் தெரியலையேடா.

— மாமா இப்ப எப்படி இருக்காரு?

— எப்படி இருப்பாரு? விடிஞ்சதுலேர்ந்து டிவி முன்னாலயே உட்கார்ந்திருக்காரு. நான் கிளம்பும்போது, வரி போயிடும்லன்னு குழந்தை மாதிரி கேட்டாரு. எங்கே போறேன்னு சொல்லாமலே வந்துட்டேன்.

— மணி அடிக்குதுக்கா. எல்லாரும் உள்ளே போனதும் கதவைச் சாத்திடுவாங்க. நீ சொன்னா உட்கார்றேன். கட்சி போனா மயிராப் போச்சு, சத்தியமா உட்கார்றேன். சொல்லு.

— நீ உட்கார்ந்தா, வரி?

— அப்படியேதான் இருக்கும். மறுபடி பூட்டோட வருவாங்க. அக்கா, அழாதே. ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா, நேரமில்ல.

— நில்லுடா. வெளியே அவளுங்க கேட்டா, நீ என் பேச்சைக் கேக்கலன்னு நான் சொல்லிக்கறேன்.