மாலையைக் கழற்றும் நாள்

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நீலசந்திரா போகும் பஸ் வருவதாகவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பக்கத்தில் நின்ற தன் தம்பியிடம் சொன்னாள்:

"உங்க மாமா இந்த வருஷம் சபரிமலைக்கே போகக்கூடாதுடா."

"இன்னாக்கா பேசற? மாலை போட்டவரு போகாம இருப்பாரா?"

"போய்ட்டு வந்தா மாலையைக் கழட்டிடுவாரே. கழட்டின கையோட சிகரெட்டுதான்."

"அதான் ஆபரேஷன் பண்ணி குடலை வெட்டி எடுத்தாச்சே. அப்புறம் இன்னா பயம்?"

"வெட்டினா போயிடற வியாதியா அது? க்ரோன்ஸ்னு குடல் வியாதிடா. சிகரெட் பிடிச்சா, தையல் போட்ட இடத்துலயே திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரு. வலியே இல்லாம உள்ள புண்ணு வருமாம். ட்யூப் விட்டுப் பாக்கக் கூப்பிட்டாங்க. 'நல்லாதானே இருக்கேன்'னு போகல. மாத்திரையையும் பாதி நாள் முழுங்கறதில்ல."

"நீ எடுத்துச் சொல்லுக்கா."

"நான் சொல்லியும் கேக்கல, டாக்டர் சொல்லியும் கேக்கல. ஐயப்பனுக்குத்தான் பயப்படறாரு. மாலை போட்டதுலேர்ந்து ஒண்ணுகூடத் தொடல."

"அப்ப நிம்மதியா இரேன்."

"எங்கடா நிம்மதி? அங்க பாரு."

நானும் பார்த்தேன். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஒருவர் வரிசையை விட்டு விலகி, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவன் பக்கத்தில் போய் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.