கரி பூசிய பாய்

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. துறைமுகப் பக்கம் அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. திருவொற்றியூர்க் குப்பமே மேற்கே ஓடுகிறது. முதலில் கத்தியவள் நான்தான்.

"ஓடுங்கடி! ஜப்பான்காரன் வந்துகினு கீறான்!"

நாற்பத்திரண்டு, சித்திரை மாதம். உச்சிவெயில். காசிமேட்டில் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். சங்கு ஊதியது. கடலைப் பார்த்தேன். மூன்று பாய்கள். மூன்றும் கறுப்பு. எங்கள் ஆட்களின் கட்டுமரப் பாய் வெள்ளை. என் புருஷனின் பாயில் என் கல்யாணப் புடவைத் துண்டை ஒட்டுப் போட்டிருந்தேன். சிவப்பு ஒட்டு. எத்தனை தூரத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். அன்று அது தெரியவில்லை.

பத்து நாளாக இதே பேச்சு. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிப்பார்கள். எதிரி சின்னப் படகுகளில் கரையேறுவான் என்று ஒரு நாள். நாளைக்கே வருவான் என்று மறுநாள். சர்க்கார் ஊரைக் காலி பண்ணச் சொன்னது. பெரிய மனிதர்கள் ரயிலேறிவிட்டார்கள். எங்களுக்கு எந்த ரயில்?

சாத்தாங்காட்டு வரப்பில் விழுந்தேன். மாடு ஓட்டிவந்த ஒருவர் நின்றார்.

"இன்னாத்துக்கும்மா ஓடுறீங்கோ? சங்கு சும்மா ஊதிப் பாத்தாங்கோ. ஒத்திகை."

திரும்பி ஓடினேன்.

கட்டுமரம் அலைக்குள் வரும்போது மேலிருப்பவர்கள் கயிற்றை வீசுவார்கள். கரையில் உள்ளவர்கள் மார்பளவு தண்ணீரில் நின்று பிடித்து இழுப்போம். பெண்களும் இறங்குவோம். அன்று அலை பெரிது. கரையில் ஒருவரும் இல்லை. இரண்டு மரங்கள் எப்படியோ கரை தட்டின. மூன்றாவது புரண்டது.

மணலில் மணி உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது மரத்தில் வந்தவன். அவன் மடியில் என் புருஷனின் தலை. பின்மண்டை பிளந்திருக்கிறது.

"கயித்த வீசினோம்கா! புடிக்க ஒரு ஆளு இல்லியே! எங்கக்கா போனீங்கோ?"

பக்கத்தில் நனைந்த பாய். கறுப்பு. கையால் தேய்த்தேன். கரி ஒட்டியது. அடியில் சிவப்பு.

"வெள்ளைத் துணி கண்டா ஆகாசத்துலேர்ந்து குண்டு போடுவான்னு நேத்து தண்டோரா போட்டாங்கக்கா. அதான் விடியறதுக்கு மின்னாடி, ஊரு தூங்கச்சொல்ல, கரித்தண்ணில முக்கினோம்."

பயந்து அவர் கரி பூசினார். பயந்து நான் ஓடினேன். என்னை நானே மன்னிக்கவில்லை. எங்களைப் பயமுறுத்தியவர்களையும் மன்னிக்கவில்லை.

அவரோடு அதே மரத்தில் போன கொழுந்தன் சின்னாவை மறுநாள் எண்ணூர்ப் பக்கம் கடல் ஒதுக்கியது.

பேப்பரில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. நான் எண்ணிச் சொல்கிறேன். செத்தவர் இருவர். ஆறுமுகம், முப்பது வயது. சின்னா, பத்தொன்பது வயது. உடைந்த மரம் ஒன்று. கரையேறிய எதிரி யாருமில்லை. விழுந்த குண்டு எதுவுமில்லை.

சர்க்கார் ஆள் வந்தான். கடலில் மூழ்கிச் சாவு என்று எழுதினான். பயத்தால் சாவு என்று எழுதச் சொன்னேன்.

அப்படி எழுத இடமில்லை என்றான்.