சாமி படத்துக்குப் போன கயிறு

நான் பசியாறிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ஐயா. அவசரமில்லாமல் கேளுங்கள். மெஷினை நிறுத்தும் கயிறு இற்றுப்போய் அறுந்துவிட்டதாக முதலாளி உங்கள் விபத்து விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். அந்தக் கயிறு இன்னும் பத்து வருடம் தாங்கும். இந்தச் சதாசிவம் சூப்பர்வைசராக இருக்கும் இடத்தில் இற்றுப்போன சாமான் ஒன்றுகூட இருக்காது என்று சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன வருடம், எண்பத்து மூன்றில், முதலாளி என்னை ஈப்போவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். ஜப்பான்காரனைப் பார்த்துப் படி என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். மொத்தம் ஆறு நாள். ஜப்பானிலிருந்து வந்தவர் பேச, ஒரு மலாய்க்காரர் மொழிபெயர்த்தார். நடப்பது வீண், காத்து நிற்பது வீண், தேவைக்கு மேல் வைத்திருப்பது வீண். ஒரு மாதம் யாரும் பயன்படுத்தாத சாமானுக்கு, அகற்ற வேண்டியது என்று சிவப்பு அட்டை கட்டு. எது எங்கே பயன்படுமோ அங்கே வை. எங்களுடையது தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டிய குடும்பம். என் அப்பா மரத்துக்கு மரம் நடந்து வீணாக்கிய காலத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாம் நாள் பாதுகாப்புப் பாடம். ஐந்து நாளிலேயே விளங்கிவிட்டவனுக்கு ஆறாம் நாள் வீண் என்று பஸ் ஏறிவிட்டேன்.

நாங்கள் செருப்புக்கு ரப்பர் தகடு செய்கிறோம். இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் வீரம்மா ரப்பரைத் திணிப்பாள். பக்கத்தில் மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மெஷின் நின்றுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு ராக்காயி எட்டு மணி நேரமும் சும்மா நிற்பாள். நான் ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நாள் மெனக்கெட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவள் இழுக்கவில்லை. விசாரித்தால், நாலு வருடமாகவே இழுத்ததில்லையாம். வெள்ளிக்கிழமைதோறும் கயிற்றுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து இருவரும் தொட்டுக் கும்பிடுவார்கள். அதற்கு மட்டும் இரண்டு நிமிடம் போகும்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கும்பிடுவதற்கு மட்டும் பயன்படுகிற சாமான் எங்கே இருக்க வேண்டும்? பெட்டி கட்டும் இடத்தில் எங்களிடம் ஒரு மாரியம்மன் படம் உண்டு. நானே ஏணி போட்டுக் கயிற்றை அவிழ்த்து, படத்து ஆணியிலேயே பாந்தமாகத் தொங்கவிட்டேன். ராக்காயியையும் பெட்டி கட்டப் போட்டேன். மெஷினில் ஒரு ஆள் மிச்சம்.

மறுநாள் காலை வீரம்மா மேலே பார்த்தாள்.

“கயிறு எங்கண்ணே?”

“சாமிகிட்ட இருக்கு. நாலு வருஷமா யாரும் இழுக்கலையே.”

“இழுக்கற நெலம வரக்கூடாதுன்னுதானே அண்ணே கும்பிடுறோம். இப்ப ராக்காயி அக்காவும் பக்கத்துல இல்ல. எனக்குப் பயமா இருக்குலா.”

நான் அவளை அலட்சியம் செய்யவில்லை. அவள் சொன்னதை ஆலோசனைத் தாளில் எழுதி, அந்த மாதத்தின் முதல் ஆலோசனை என்று ஒரு மைலோ டின் பரிசும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் அவளுடைய வலது கை ரப்பரோடு உள்ளே போயிற்று. அலறல் கேட்டதும் ராக்காயி எழுந்து நேரே கயிற்றிடம் ஓடினாள். நாலு வருடப் பழக்கம், பாவம். அம்மன் படத்தடியில் நின்று இரண்டு கையாலும் அதை இழுத்தாள். ஆணி பிடுங்கிக்கொண்டு படம் விழுந்து உடைந்தது. அவள் இழுத்துக்கொண்டேதான் இருந்தாள். அப்புறம் யாரோ ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார்கள். சரியாக நாற்பத்தொரு விநாடி. அந்த நேரம் நான் வீரம்மாவின் வேலையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். சுவிட்ச் எனக்கு நாலு எட்டில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அளவைப் பாதியில் விட்டால் அன்றைய வேலை முழுதும் கெட்டுவிடும்.

எனக்கும் வருத்தம்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இனிமே கழுவுற கையாலதான் திங்கணும், அண்ணே” என்றாள்.

முதலாளியிடம் வாதாடி அவளுக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தேன். இப்போது பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். நேற்றுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றப் பெண்களைவிடப் பெட்டிக்கு மூன்று விநாடிதான் அதிகம். பழகினால் அதுவும் குறையும். கயிற்றை அவிழ்த்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு கையால் முடிகிற வேலைக்கு மற்றவர்கள் இரண்டு கை வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் முதலாளிக்கு நான் இன்னும் எழுதவில்லை.