முதல் பெஞ்சில் ஒரு கறுப்பு

தங்கை: தேய்க்காதேண்ணா! தேய்க்கத் தேய்க்க உள்ளதான் இறங்கும்.

அண்ணன்: ஓரத்துல மட்டும் லேசா...

தங்கை: கையை எடுன்னா எடு. இது உன் கேட் இல்ல, சுரண்டிட்டுப் பெயின்ட் அடிக்க.

அண்ணன்: நேத்து மத்தியானம் நாம பூட்டிட்டுக் கிளம்பறப்போ பளிச்னு இருந்துச்சே. காலையில வந்து பாத்தா, மை பாட்டிலைக் கவுத்த மாதிரி...

தங்கை: மையும் இல்ல, மண்ணும் இல்ல. இந்த மரத்துல துவர்ப்பு ஜாஸ்தி. இரும்பு பட்டா கறுத்துப் போகும். மாதுளைத் தோலை இரும்புக் கத்தியால நறுக்கிப் பாத்ததில்லையா நீ?

அண்ணன்: நான் எங்கே நறுக்கினேன், எல்லாம் உங்கண்ணிதான்.

தங்கை: அது தெரிஞ்ச கதைதானே.

அண்ணன்: சரி, நீ மரத்துல பூசி மூணு கை எண்ணெய் குடுத்திருந்தா இரும்பு மரத்தை எப்படித் தொடும்? குடுத்தேல்ல?

தங்கை: குடுத்தேன்.

அண்ணன்: மூணு கையா?

தங்கை: உக்காந்து எண்ணிக்கிட்டா இருப்பாங்க? நீ கடைசியில வெல்டைத் தேய்க்கக் கிரைண்டர் போட்டியே, மரத்து மேல துணி மூடித்தானே போட்டே?

அண்ணன்: மூடாம... மூடித்தான்.

தங்கை: அதை ஏன் ஜன்னலைப் பாத்துச் சொல்றே?

அண்ணன்: உன் மூஞ்சியத்தான் முப்பது வருஷமா பாக்கறேனே. பலகையைக் கழட்டிடலாமா?

தங்கை: எப்படிக் கழட்டுவே? இரும்புப் பட்டையைக் காங்கிரீட்டுக் காலுக்குள்ள இறக்கி வெல்டு வெச்சது யாரு? கழட்டணும்னா காலையே உடைக்கணும்.

அண்ணன்: இழைச்சு எடுத்துடு.

தங்கை: மரத்தை இழைச்சா உன் பட்டை மேல துருத்திக்கும். உக்கார்றவங்க தொடையைக் கிழிக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க திரும்ப உள்ளயே போக வேண்டியதுதான்.

அண்ணன்: சிரிப்பு வேற வருதா உனக்கு? முதல் பெஞ்சைப் பாத்துட்டுத்தான் மீதி பதினொண்ணுன்னு சொல்லியிருக்காங்க. இந்தக் கூடம் முழுக்க நம்ம வேலையா இருக்கும்னு...

தங்கை: தெரியும்ணா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஏதோ ஒரு அலமாரிக்குப் பின்பலகை அடிக்கிற வேலையா இது?

அண்ணன்: உஷ்... மில்லிமீட்டர் வருது.

தங்கை: வர்றாங்கன்னு சொல்லு. ஆர்க்கிடெக்ட் காதுல விழுந்தா அவ்வளவுதான்.

ஆர்க்கிடெக்ட்: ரெண்டு பேரும்... இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களா?

அண்ணன்: வணக்கம் மேடம்! டீ சொல்லட்டுமா?

ஆர்க்கிடெக்ட்: வேண்டாம். நானே உங்ககிட்ட... இந்தக் கறுப்பு...

அண்ணன்: ஐடியா மேடம்! தங்கச்சியோட ஐடியா!

தங்கை: அண்ணா...

ஆர்க்கிடெக்ட்: ஐடியாவா? அப்படின்னா இது... நீங்களே பண்ணதா?

அண்ணன்: பின்னே? இரும்போட நிழல் மரத்து மேல விழுந்தா எப்படி இருக்கும்னு...

ஆர்க்கிடெக்ட்: அப்பா... எவ்வளவு அழகா இருக்கு!

தங்கை: மேடம், அது வந்து...

ஆர்க்கிடெக்ட்: இல்ல, நிஜமாவே சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காங்கிரீட் சாம்பல், மரம் தேன் நிறம். நடுவுல உங்கண்ணன் பட்டை ஒரு கோடு. படத்துல வரையறப்போ மூணும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரித்தான் இருந்துச்சு. பாத்தா சிரிச்சுக்குவாங்க, உள்ள வர மாட்டாங்க. இப்ப சம்பந்தி ஆயிட்ட மாதிரி இருக்கு.

அண்ணன்: சம்பந்தின்னா சண்டை வருமே மேடம்.

ஆர்க்கிடெக்ட்: வரும். அதுக்குத்தானே உங்க தங்கச்சி பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல ரெண்டு மில்லி இடம் விட்டிருக்காங்க, மரம் உப்பினா இடிக்காம இருக்க. அந்த இடைவெளி, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு மயிரிழை கூட மாறல. இப்படி ஒரு கையை நான் பாத்ததில்ல.

தங்கை: அளந்தீங்களா?

ஆர்க்கிடெக்ட்: அது... கண்ணாலேயே தெரியுதே. சரி, மீதி பதினொண்ணுலயும் இதே கறுப்பு வரணும். எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லுங்க, படத்துல குறிச்சுக்கறேன்.

அண்ணன்: அது தொழில் ரகசியம் மேடம்.

தங்கை: ஒரு ரகசியமும் இல்ல. பிசகு.

அண்ணன்: ஏய்!

தங்கை: விடுண்ணா. பதினொரு பெஞ்சுக்கும் சேத்துப் பொய் சொல்ல என்னால ஆகாது. அவங்க புகழப் புகழ எனக்குக் கூசுது. மேடம், நான் மரத்துக்கு எண்ணெய் குடுக்கல. ஒரு கை கூட இல்ல.

அண்ணன்: குடுத்தேன்னியே!

தங்கை: சொன்னேன். இழைச்சு முடிச்சுட்டுக் கையை வெச்சேன். அந்த ரேகை, அந்த மினுமினுப்பு... எண்ணெய் பட்டா நிறம் மாறிடும், அப்புறம் அது யாருக்கும் தெரியாது. எத்தனையோ வருஷமா மரம் இழைக்கிறேன், வெறும் மரத்தை நான் ஒருத்திதான் பாக்கறேன். ஒரே ஒரு தடவை... வேற யாராவது பாக்கணும்னு இருந்துச்சு. இன்னிக்கு நீங்க பாத்தப்புறம் குடுத்துக்கலாம்னு வெச்சேன்.

அண்ணன்: மேடம், அவ மேல மட்டும் தப்பு இல்ல. மூலையில வெல்டு ஒரு பொட்டு தூக்கியிருந்துச்சு. துணி எடுக்க வண்டி வரைக்கும் யார் போறதுன்னு அப்படியே கிரைண்டர் போட்டேன். இரும்புத் தூளெல்லாம் மரத்து மேலதான். கையால தட்டி விட்டுட்டேன்.

தங்கை: மூடினேன்னு சொன்னியே, பாவி!

அண்ணன்: நீ மூணு கைன்னு சொல்லல?

தங்கை: திட்டுங்க மேடம். வேற ஆளை வெச்சுக்கறேன்னாலும் சரி. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல.

ஆர்க்கிடெக்ட்: என்ன?

தங்கை: வெறும் மரமும் இரும்புத் தூளும் வருஷக்கணக்கா கிடந்தாலும் கறுக்காது. தண்ணி வேணும். அதுவும் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இல்ல. நேத்து மழைதான், ஆனா கூரையில பொட்டு ஈரம் இல்ல, ஜன்னலும் சாத்தியிருக்கு.

அண்ணன்: கதவும் பூட்டியிருந்துச்சு. சாவி என் பையிலதான்.

தங்கை: ஒண்ணு உன் பையில. இன்னொண்ணு மேடம்கிட்ட.

அண்ணன்: ஏய், போயும் போயும் மேடத்தைப் போய்...

ஆர்க்கிடெக்ட்: அவங்களை அதட்டாதீங்க. பதினொண்ணும் நீங்க ரெண்டு பேரும்தான் பண்றீங்க, அதுல மாத்தம் இல்ல. உங்களுக்கு முன்னாடி வந்து ஈரக் கறையைத் தேய்ச்சு மறைச்சிடலாம்னுதான் பையில உப்புத்தாளோட ஓடி வந்தேன். நீங்க ஐடியான்னதும் தப்பிச்சோம்னு இருந்துட்டேன். நேத்து அளந்து பாக்கத்தான் வந்தேன், மழையில தொப்பலா நனைஞ்சு. நான் வரைஞ்சதை விட நல்லா ஒண்ணு எதிர்ல இருந்துச்சு. அளந்து முடிச்சும் போக மனசு வரல. யாரும் இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, சொட்டச் சொட்ட, உங்க வெறும் மரத்து மேல ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தது நான்தாம்மா.