விருந்தினர் நாற்காலியில் முதலில் உட்காருகிறவள்

பிறர் பேசுவதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டு ஓய்வுபெற்று, இன்று எங்களுக்காக மறுபடியும் கேட்க வந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், நீதிபதி ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மனத்தைத் திறந்துவிட்டு, இவ்வளவு திறந்திருக்க வேண்டாமோ என்ற முகத்தோடு இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் விருந்தினர்களே, பாத்திரம் துலக்கும்போதும், பேருந்தில் தொங்கும்போதும், தூக்கம் வராமல் புரளும்போதும் எங்களைக் காதில் மாட்டிக்கொண்ட நேயர்களே, தாய்மார்களே, அந்தத் தாய்மார்களுக்கு நடுவில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, இவள் என்ன உளறப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் என்னைப் பெற்றவளே, எல்லாரையும் அழைத்தபின் கடைசியாக நான் அழைக்கும், எல்லாருக்கும் முன்னால் முதல் இருக்கையில் வீற்றிருக்கும் என் அக்காவே,

வணக்கம்.

அக்காவின் பேட்டி நிகழ்ச்சிக்கு எடுக்கும் இந்த விழாவில் அவளைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய நால்வர் அதைச் செய்துவிட்டார்கள். கேள்விக் கடல் என்றார் ஒருவர். செவிச் செல்வி என்றார் இன்னொருவர். நான் அவளுடன் ஒரே வீட்டில் இருப்பவள். கடலில் எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் புகழப் போவதில்லை. பொறாமைப்படப் போகிறேன்.

என் குரலை நீங்கள் இதுவரை கேட்டதில்லை. ஒருவரின் வாழ்க்கையைக் கேட்கிறாள் அக்கா. அவருடைய கலையைக் கேட்கிறாள். அவர் எதை நம்புகிறார், எதை நம்பி ஏமாந்தார், அதையும் கேட்கிறாள். நீங்கள் காதில் மாட்டிக் கேட்கும் அந்தப் பாட்காஸ்டில் என் வேலை இருமலை எடுப்பது. தும்மலை எடுப்பது. சொன்னதையே மூன்று முறை சொன்னால் இரண்டை எடுப்பது. அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறீங்க. சிரிங்க சார், உங்க சிரிப்பையும் நான் வெட்டியிருக்கேன்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் எது தெரியுமா? துணி மடித்து வைக்கும் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. கதவுக்கு மேல் கம்பளி. பேட்டி ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம், அறிஞர்கள் வியர்ப்பார்கள். சமையலறையில் குளிர்பெட்டியையும் அணைத்துவிடுவோம், அதன் உறுமல் மைக்கில் விழும் என்பதால். திரும்பப் போடுவதற்கு மறந்துவிடுவோம். அம்மா ஒரு நாள் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "உங்களுக்கு ஊர்ல இருக்கிறவங்க உண்மையெல்லாம் வேணும். அதுக்கு என் பாலு திரியணுமா?" என்றார். தலையைக் குனியாதீங்கம்மா, நீங்க சொன்னதுதானே. அன்று எங்கள் விருந்தினராக வந்தவர் சத்தியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அம்மாவின் அந்த வரி மட்டும்தான்.

கதவுக்கு உள்ளே அக்கா. அவளுக்கு எதிரே விருந்தினர். கதவுக்கு வெளியே வீட்டு நடையில், முக்காலியில், காதுக் கருவியோடு நான்.

உள்ளே கேள்வி. வெளியே நான். இதுதான் என் வரலாறு.

யாரிடம் பொறாமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதோ அமர்ந்திருக்கிறாரே அறுவைச் சிகிச்சை மருத்துவர், அவரிடம். கடவுள் இல்லை என்பவர், கத்தியைத் தொடும் முன் ஒரு சொல் முணுமுணுப்பாராம். அந்தச் சொல் என்ன என்று அக்கா கேட்டாள். அவர் சொல்லவில்லை. அக்கா இன்னொரு கேள்வி கேட்கவில்லை, காத்திருந்தாள். அவள் கலையே அதுதான். முதல் பதில் முடிந்த பிறகு பேசாமல் இருப்பாள். மனிதனால் அந்த அமைதியைத் தாங்க முடியாது. உள்ளே கிடக்கும் இரண்டாவது பதில் தானாக எழுந்து வரும். மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகைக்கு நடுவில் இருந்த ஏப்பத்தை எடுத்தவள் நான். மன்னிச்சுக்குங்க டாக்டர்.

அகராதி தொகுப்பவரிடம் பொறாமை. அவர் எந்தச் சொல்லைச் சேர்க்காமல் விட்டார் என்று அவரிடம் கேட்டாளே, அதற்காக. நீச்சல் கற்றுக்கொடுப்பவரிடம் பொறாமை. அவர் வரைந்த படங்களில் ஏன் ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை என்று கேட்டாளே, அதற்காக. வந்தவரிடம் எல்லாம் கேட்டாள். வழி தெரியாமல் வந்த கூரியர்காரரிடம்கூட வாசலில் நின்று, "இந்த வேலையில உங்களுக்குப் பிடிச்ச தெரு எது?" என்று கேட்டாள். அவர் கண் கலங்கிப் போனார்.

என்னிடம் என்ன கேட்டாள்?

"சார்ஜர் எங்க?" கேட்டாள். "கேட்டைப் பூட்டினியா?" கேட்டாள். "என் நீலத் துப்பட்டாவ நீயா எடுத்த?" கேட்டாள். ஆமாம், நான்தான் எடுத்தேன். அதுவும் பொறாமைதான்.

நேயர்களே, ஒன்று கேட்கிறேன், நேர்மையாகச் சொல்லுங்கள். குளியலறையில் தனியாகப் பேட்டி கொடுக்காதவர் இந்த அரங்கில் யாராவது உண்டா? தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "என் ஆரம்பகாலப் படைப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள்" என்று சோப்புப் பெட்டியிடம் சொல்லாதவர் உண்டா? தலைவர் ஐயா, நீங்களே சிரிக்கிறீங்க. நானும் கொடுத்திருக்கிறேன். அக்காவின் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். என் குழந்தைப்பருவம், என் எழுதாத கதைகள், என் நம்பிக்கை, என் நம்பிக்கையின்மை. வெளியே கதவைத் தட்டிய அக்கா கேட்டது ஒன்றுதான்: "ஹீட்டரை அணைச்சியாடி?"

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

விருந்தினர் வரும் முன் அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைப்பாள். ஒலியின் அளவு பார்க்க. யாராவது பேசினால்தானே அளவு தெரியும்? அவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, பதிவுப் பெட்டியில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

"பேசு."

"என்னத்தப் பேச?"

"எதாவது. காலையில என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு ரொட்டி."

"கிட்ட வந்து சொல்லு."

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை."

"போதும். எழுந்திரு, அவங்க வந்துட்டாங்க."

அவர்கள் அத்தனை பேரும் அமர்ந்தது நான் அமர்ந்த நாற்காலியில். மருத்துவர் அழுதது நான் சூடாக்கிய இடத்தில். அகராதி அறிஞர் தயங்கியது நான் தயங்கிய இடத்தில். ஆனால் எனக்குக் கிடைத்த கேள்வி ரொட்டியைப் பற்றியது.

சில வாரங்களுக்கு முன் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. வேறு ஊரில் ஒரு நிறுவனம். ஒரு நிகழ்ச்சி. என் கேள்விகள், என் குரல். வெட்டுவதற்கு வேறொருவரை வைத்துத் தருகிறார்களாம். நாளைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மா, கைப்பையை விடுங்க, கிழிஞ்சிடப் போவுது. உங்ககிட்டயும் சொல்லல, தெரியும்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? அந்த நாற்காலியில் சொன்னேன். "காலையில என்ன சாப்பிட்ட?" என்றாள். நான் சொன்னேன்: "நான் இந்த வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்கா."

அவள் பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

"லெவல் சரியா இருக்கு. எழுந்திரு."

சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள். நானும் அன்று நடையில் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். அன்றைய விருந்தினர் நாடக மேடைக்கு விளக்கு அமைப்பவர். அதோ, ஓரமாக, தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். எப்போதும் ஓரம்தான் அவருக்கு. அன்று அற்புதமாகப் பேசினார். முகத்தில் வெளிச்சம் போடுவது எளிது, முதுகில் போடுவதுதான் வேலை என்றார். பேட்டி முடிந்தது.

பேட்டி முடிந்ததும் நாங்கள் ஒன்று செய்வோம். அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்வோம். யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். வெறும் அமைதி எதற்கு என்பீர்கள். ஒரு பேச்சை வெட்டினால் அங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டையை அதே அறையின் அமைதியால்தான் அடைக்க வேண்டும். வேறு அறையின் அமைதி ஒட்டாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. அக்கா மற்றவர்களின் சொற்களைச் சேர்க்கிறாள். நான் மௌனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அன்று அந்த அமைதி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அமைப்பவருக்கு அது தெரியாது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். என் காதில் அவர் குரல் வந்தது.

"எல்லார் மேலயும் வெளிச்சம் போடற. வெளிய இருட்டுல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவகிட்ட என்னைக்காவது எதாவது கேட்டியா?"

அக்கா, பிறரைப் பேச வைக்கும் என் அக்கா, பேசக் கூடாத நேரத்தில் பேசினாள். மைக் திறந்திருப்பதை மறந்து பேசினாள்.

அக்கா, என்ன செய்யற? இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டுகிறாள், பாருங்கள். எங்கள் தொழிலில் அதற்கு 'இதை வெட்டிவிடு' என்று பொருள். அக்கா, இது மேடை. இங்க வெட்ட முடியாது. வாழ்நாளில் முதல் முறையாக நான் வெட்ட முடியாத இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அவள் சொன்னாள்: "கேட்டா சொல்லிடுவா. அதான் பயம். வர்றவங்ககிட்ட என்ன வேணா கேக்கலாம். நன்றி சொல்லி வாசல்வரைக்கும் போய் அனுப்பிடலாம். இவ சொல்றத எங்க அனுப்பறது? அதைக் கேட்டுட்டு மறுநாள் காலையில அவகூடவே உக்காந்து சாப்பிடணும்ல."

பிறகு வெளியே வந்தாள். ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு, "கடைசில வெறும் அமைதிதான், அத நீ கேக்க வேண்டாம்" என்றாள்.

நான் காதுக் கருவியைக் கழற்றிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். "சரிக்கா" என்றேன்.

அந்தப் பேட்டிக்கு என்னிடம் மௌனமே இல்லை, அன்பர்களே. வெட்டிய இடமெல்லாம் ஓட்டை. அதனால்தான் அந்தப் பாகம் இன்னும் வெளிவரவில்லை. ஏன் என்று கேட்டு எழுதிய நேயர்கள் இங்கே இருந்தால், இதுதான் காரணம்.

அதைக் கேட்டபின் என் பொறாமை தீர்ந்ததா? தீர்ந்திருக்க வேண்டும். அன்பு என்று தெரிந்ததும் நெஞ்சு நெகிழ்ந்தது, கண்ணீர் வழிந்தது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். உண்மை அது இல்லை. என் பொறாமை இரட்டிப்பாகிவிட்டது. என்னிடம் கேட்க முடியவில்லை என்பதைக்கூட அவள் யாரிடம் சொன்னாள்? இன்னொரு விருந்தினரிடம். விளக்கு போடறவங்களே, உங்ககிட்ட எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தப் பதில் என்னுது.

பெரியோர்களே, பேட்டி என்பது என்ன? முன்பின் தெரியாத இருவர் மூடிய அறையில் உட்கார்ந்து, பிரிந்துவிடுவோம் என்ற தைரியத்தில் உண்மை பேசிக்கொள்வது. நல்லது. நாடெங்கும் நடக்கட்டும். நானும் வெட்டித் தருகிறேன். ஆனால் பிரியாதவர்களிடம் கேட்பது யார்? கூடவே இருப்பவரிடம் கேட்பது யார்? கேட்டுவிட்டுக் கூடவே இருப்பது யார்? வாசல்வரை வந்து வழியனுப்பிவிட முடியாத ஒரு பதிலை, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வீரம் யாருக்கு இருக்கிறது?

நாளைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒரு கேள்வி வேண்டும். ஒன்றே ஒன்று. ரொட்டியைப் பற்றி இல்லாத ஒன்று.

ஒலிபெருக்கி அண்ணே, அவங்ககிட்ட ஒரு மைக் குடுங்க. கம்பி இல்லாதது. ஆமா, முதல் இருக்கை. வாங்கிட்டாங்க பாருங்க, இத்தனை பேருக்கு மைக் வெச்ச கை.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே திருப்பிச் சொல்கிறேன். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்கிறாள். சிரிக்காதீர்கள், அவளுக்கு வேறு தொடக்கம் தெரியாது. ஒண்ணும் சாப்பிடலக்கா. பயத்துல இறங்கல.

இப்போது நான் பேசமாட்டேன். அவள் கலையை அவளிடமே காட்டுகிறேன்.

கேட்டீர்களா?

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா கேட்கிறாள்: "அன்னிக்கு அந்த நாற்காலியில உக்காந்து விட்டுடறேன்னு சொன்னியே. எனக்குக் கேட்டுச்சு. ஏண்டி?"

கேட்டிருக்கிறது. பச்சைக் கோட்டைப் பார்த்தபடி நின்றவளுக்கு அன்றே கேட்டிருக்கிறது.

ஐயா அவர்களே, சான்றோர்களே, மனம் திறந்த விருந்தினர்களே, தாய்மார்களே, அம்மா, இத்தனை நேரம் செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. என் கேள்வி எனக்குக் கிடைத்துவிட்டது. அதற்கான பதிலைச் சொல்லக் கீழே இறங்கிப் போகிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவள் காதில் சொல்லப் போகிறேன். முதல் பதிலும் சொல்வேன், இரண்டாவது பதிலும் சொல்வேன். பதிவு கிடையாது. ஒலிபெருக்கி அண்ணே, இந்த மைக்கை அணைச்சிடுங்க, அவங்க மைக்கையும்.

உங்களுக்கு அது கேட்காது. கொஞ்சம் பொறாமைப்படுங்கள்.

வணக்கம்.