நகராத புள்ளி

— பிளக்கப் புடுங்குறதுக்கு முன்னாடி மௌஸ ஆட்டிப் பாத்தியா கார்குழலி? திரையில அம்பு நவந்துதா?

— எங்க ரிச்சர்ட்ணா பாத்தேன்? காலையில வந்து ரூமத் தொறந்தேன். மேப்புல எங்க வூட்டுக்காரரு ஓட்டுற மீன்புடி போட்டோட புள்ளி நேத்து சாயங்காலம் பாத்த எடத்துலயே நிக்குது. சரிதான், மறுபடியும் கம்ப்யூட்டர் ஹேங்காயிடுச்சின்னு பிளக்கப் புடுங்கிட்டு ஒங்களுக்குப் போனப் போட்டேன்.

— அதாவது, கேக்க வேண்டிய மொத கேள்வியே அதான். படம் மட்டும் நின்னுதா, முழு மிஷினும் நின்னுதா? அம்பு நவந்தா உயிரு இருக்குன்னு அர்த்தம். நீ கழுத்தத் திருகிட்டு டாக்டரக் கூப்புட்டிருக்க.

— நீங்க நம்மூரு மேட்டுப்பாளையத்துல பேக்டரி மிஷினுக்கு வைத்தியம் பாக்குறவரு. பொறுமையா நாடி புடிப்பீங்க. எனக்கு மொதலாளி சின்னக்கண்ணு மாமா பாக்குறதுக்குள்ள அணைச்சிடணும்னு இருந்துச்சி.

— அவரு பாத்தா இன்னா?

— ஒங்களுக்கு விஷயமே தெரியாதா? பொங்கலுக்கு முன்ன ஒரு நாளு இப்படித்தான் புள்ளி நின்னுபோச்சி. எங்க வூட்டுக்காரரு போட்டு நடுக்கடல்ல நின்னுடுச்சின்னு நான் அலறி, மாமா ரெண்டு போட்டத் தேட அனுப்புனாரு. பாதி வழியில எங்க வூட்டுக்காரரு எதுக்கால வராரு, போட்டு நெறைய மீனோட, பாட்டு போட்டுக்கினு. இங்க பாத்தா கம்ப்யூட்டர்தான் செத்துக் கெடக்குது.

— அடக் கடவுளே.

— அன்னியிலேர்ந்து தேங்காய்த்திட்டு தொறமொகத்துல போறவன் வர்றவனெல்லாம், இன்னா கொழலி, இன்னிக்கு எந்தப் போட்ட நிறுத்துனன்னு கேக்குறான். இன்னொரு தடவ போட்டு நின்னுடுச்சின்னு வாயத் தொறந்தா இந்தப் பொட்டியத் தூக்கி முகத்துவாரத்துல போட்டுடுவேன்னு மாமா சொல்லிட்டாரு. எனக்குப் பதிலா வேற ஆள வச்சிடுவாரு. அதான் ஒங்கள வரச் சொன்னேன். இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒன்னு தெரிஞ்சாவணும்.

— சரி, அழுவாத. வயர்லெஸ்ல கூப்புட்டுப் பாத்தியா?

— அவரு போயிருக்குற தூரத்துக்கு எட்டாது. எப்பவும் எட்டாது. போட்டு மேல இருக்குற பொட்டி மட்டுந்தான் சாட்டிலைட்டு வழியா எடத்தச் சொல்லும். அதுக்குத்தான இந்தக் கம்ப்யூட்டரே.

— மத்த போட்டுங்களோட புள்ளி நவந்துதா?

— கடல்ல ஏது மத்த போட்டு? நாளைக்கு மாசி மகம். எல்லாம் கரைக்கு வந்து மாலையும் வாழமரமும் கட்டிக்கினு நிக்குது. அஞ்சலாட்சி ஒன்னுதான் வெளிய. அதுவும் இன்னிக்கு உச்சிக்குள்ள வந்துடும். வைத்திக்குப்பத்து தீர்த்தவாரியில வருசா வருசம் இவருதான் சாமிக்குத் தோள் குடுக்கணும். வராம இருக்க மாட்டாரு.

— அஞ்சலாட்சின்றது சின்னக்கண்ணு போட்டு இல்ல?

— அவரு அம்மா பேரு வச்ச போட்டு. எங்க வூட்டுக்காரரு அதுக்கு டிரைவரு. சரி, இப்ப இதப் பாருங்க. லினக்ஸ் போட்டுக் குடுக்கறப்ப நீங்க இன்னா சொன்னீங்க? இது பாறை மாதிரி நிக்கும்னு சொன்னீங்க. நெசமாவே நிக்குது.

— கிண்டலு போதும், அந்த ஸ்க்ரூடிரைவரக் குடு. மொதல்ல தொறந்து பாக்கலாம். ம்... தூசி இருக்கு, ஆனா ஃபேன வெரலால தள்ளுனா நல்லா சுத்துது. சூடு ஏறி நிக்கல. அழிரப்பர் இருக்கா?

— இதுல எழுதப் போறீங்களா?

— ரேம தேய்க்கப் போறேன். கடல் காத்துக்கு இந்தப் பித்தளை நெறப் பல்லுல உப்பு பூத்துடும். பாரு, லேசாக் கருத்திருக்கு. தேய்ச்சாச்சி. ஆனா இதுதான் காரணம்னு என் மனசுக்குப் படல. போன தடவ மெமரி டெஸ்ட் ஓட்டுனப்ப ஒரு தப்பும் காட்டல. அதாவது, இத வேற மாதிரி யோசிக்கணும். நீ ஒக்காந்து தட்டிக்கினு இருக்கறப்ப என்னிக்காச்சும் நின்னிருக்கா?

— நான் தட்டறப்பவா? இருங்க, யோசிக்கிறேன். ஐஸ் டோக்கன் அடிக்கறப்ப இல்ல. டீசல் ரசீது போடறப்ப இல்ல. எம் பொண்ணு ஞாயித்துக்கெழம வந்து படம் வரைவா, அப்பவும் இல்ல. இன்னாணா, நெசமாவே நிக்கலியே!

— அப்ப எப்ப நிக்குது?

— மீன் ஏலத்துக்குப் போயிட்டு வருவேன், நின்னிருக்கும். ராத்திரி பூட்டிட்டுப் போயி காலையில வருவேன், நின்னிருக்கும்.

— யாரும் தொடாதப்ப.

— யாரு தொடுவா? அதான் குங்குமம் வச்சி, மேல தொடாதீங்கன்னு அட்டையில எழுதி ஒட்டிருக்கேன் பாருங்க. கையக் கிய்ய வச்சிடப் போறாங்கன்னு ஏலத்துக்குப் போறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போவேன்.

— வோலா!

— ஆரம்பிச்சிட்டீங்களா ஒங்க பிரெஞ்ச.

— தாத்தா காலத்துப் பழக்கம், உடு. காரணத்தப் புடிச்சிட்டோம்னு நெனைக்கிறேன். வேல இல்லாதப்ப இந்த ப்ராசசர் தூங்கும், கரண்டு மிச்சம் புடிக்க. அரைத்தூக்கம்னா பரவாயில்ல. ஆழமாத் தூங்கிடுச்சின்னா இந்த ரகத்துல சில மிஷினுக்கு எழுந்திரிக்கத் தெரியாது. அப்படியே கெடந்துடும். திரையில பழைய படம் நிக்கும், கடியாரம் உள்பட.

— அப்ப நான் தொடக்கூடாதுன்னு காவல் காத்ததாலதான் நின்னுச்சா?

— ஒங்காவல் இல்லன்னா நாலு பேரு நோண்டி நோண்டி அத முழிக்க வச்சிருப்பாங்க.

— அட! ஸ்லோல வுட்டா இன்ஜின் ஆஃப் ஆவுற கதைதான் இது. அஞ்சலாட்சிக்கும் அதான் சீக்கு. கியர எடுத்துட்டு ஸ்லோல வச்சா பொக்குனு நின்னுடும். எங்க வூட்டுக்காரரு ஸ்லோவக் கொஞ்சம் ஏத்தி வச்சிப்பாரு. இப்ப டீசல் பம்பு வேற மொனகுதாம். மகம் முடியட்டும், பிரிச்சிப் பாக்கலாம்னு மாமா சொல்லிட்டாரு.

— அதேதான் இங்கயும் பண்ணப் போறோம், ஸ்லோவ ஏத்தி வைக்கிறோம். பிளக்க மாட்டு. லினக்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு நீலத் திரை வரும், அதுக்குள்ள போவணும்... ம், வந்துடுச்சி. சும்மா இருக்கறப்ப கரண்டு எவ்ளோ எறங்கலாம்னு ஒரு எடத்துல கேக்குது பாரு. ரொம்பக் கொறையாதன்னு மாத்திட்டேன். அவ்ளோதான்.

— இவ்ளோதானா? இதுக்கா நான் ரெண்டு மாசமாத் தல குனிஞ்சி நடந்தேன்?

— யே கொழலி! உள்ளாரயா இருக்குற? இன்னா ரிச்சர்ட் தம்பியும் வந்துருக்காப்புல. பொட்டி மறுபடி மண்டையப் போட்டுடுச்சா?

— இல்ல சின்னக்கண்ணு அண்ணே, சரி பண்ணியாச்சி.

— சரியானா சந்தோசம். இல்லன்னா மீனுக்குப் போட்டுடலாம். யம்மா, ஒம் புருசன் எங்க வரான்? சாமி ஏத்தற போட்ட சோடிச்சி முடிச்சிட்டோம். மேளக்காரன் வந்து டீ குடிச்சிக்கினு இருக்கான்.

— வந்துடுவாரு மாமா. கம்ப்யூட்டர் இப்பதான் ஆன் ஆவுது, பாத்துச் சொல்றேன்.

— பாத்துச் சொல்லு, பாத்துச் சொல்லு. நிறுத்திடாத ஆத்தா! நான் படகுத்துறையிலதான் இருப்பேன்.

— பாத்தீங்களா ரிச்சர்ட்ணா? இப்படித்தான் தெனமும்.

— ஒக்காரு. ஒம்மேல தப்பு இல்லன்னு ஒங்கண்ணாலயே பாரு. மிஷினு முழிச்சிக்கினு இருக்குற வரைக்கும் லாக்னு ஒன்னுல எழுதிக்கினே இருக்கும். நெனவு போனா எழுத்து பாதியில அறுந்துடும். இது போன தடவ நின்ன நாளு. நீ ஏலத்துல இருந்த நேரம் வரைக்கும் எழுதியிருக்கு. அதுக்கப்பறம் காலி.

— பொங்கலுக்கு முன்ன நின்னது?

— அதுவும் அப்படியே. ராத்திரியே அறுந்துருக்கு. விடிஞ்சி நீ பாத்தது பழைய படம்.

— அப்ப நான் கண்ணால பாத்ததத்தான் சொல்லியிருக்கேன். புத்தி கெட்டுப் போயி அலறல. அப்பாடா, எனக்கு இப்பதான் மூச்சே வருது. இத அப்படியே மாமாகிட்ட காட்டுவீங்களா?

— தாராளமாக் காட்றேன். இரு, இன்னிக்கு எந்த நேரத்துல அறுந்துச்சின்னும் பாத்துட்டா முழுசாச் சேத்துக் காட்டிடலாம். ம்... இது ஏன் இப்படி இருக்கு?

— இன்னா?

— அறுவல.

— அறுவலன்னா?

— அதாவது, ராத்திரி பூரா எழுதியிருக்கு. விடியறப்பவும் எழுதியிருக்கு. நீ பிளக்கப் புடுங்குனப்பத்தான் நின்னுருக்கு. இன்னிக்கு மிஷினு தூங்கவே இல்ல கார்குழலி.

— தூங்கலன்னா புள்ளி ஏன் நின்னுச்சி?

— அதத்தான் நானும் பாக்குறேன். போட்டுப் பொட்டியிலேர்ந்து சேதி வர்றப்பல்லாம் மேப்பு ஒரு வரி எழுதுது. அதுவும் ராத்திரி பூரா வந்துருக்கு. ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு நம்பரு. ஒன்னு வடக்கு தெற்கு, இன்னொன்னு கெழக்கு மேற்கு.

— நம்பரு மாறுதா, அப்படியே இருக்குதா?

— கடைசி எண்ணுங்க மட்டும் மாறுது. மயிரிழை அளவுதான். படத்துல நகக்கண்ணு அளவு கூட நவராது. அதான் ஒனக்கு நின்ன மாதிரித் தெரிஞ்சிருக்கு. சாட்டிலைட்டு சில சமயம் இப்படிக் கொஞ்சம் பெசகும்.

— நவருங்க, நான் பாக்குறேன். இந்த மொத நம்பருதான வடக்கு?

— ஆமா.

— பெசகுனா ஏறி எறங்கி ஆடும் இல்ல? இது எறங்கவே இல்லியே. ஏறுது. மறுபடி ஏறுது. வரிக்கு வரி ஏறிக்கினே இருக்குது.

— மெதுவா ஓட்டிக்கினு இருக்கலாம். வல இழுக்கறாங்களோ என்னமோ.

— வல இழுத்தா இதவுட நல்லாவே ஓடும். அங்கயும் இங்கயும் திரும்பும். நங்கூரம் போட்டுருந்தா இதுகூட நவராது. மகத்துக்கு வர்றவரு ராத்திரியே கரையப் பாத்து மேற்கால வந்துருக்கணும். இது வடக்கால போவுது. மாசி மாசம் நீவாடு வடக்கதான் இழுக்கும்.

— நீவாடுன்னா?

— கடலுக்குள்ள ஓடற தண்ணி. ரிச்சர்ட்ணா, இது ஓட்டற போட்டு இல்ல. தண்ணி தூக்கிக்கினு போற போட்டு.

— மாதாவே... அவசரப்படாத. மேப்பு இப்பத்தான் தொறக்குது. புதுசா ஒரு சேதி வரட்டும்.

— கடியாரம் ஓடுதா பாருங்க.

— ஓடுது. நொடி முள்ளு ஓடுது.

— மௌஸ ஆட்டுங்க.

— அம்பு நவருது. கேப்ஸ் லாக்கத் தட்டுனா வெளக்கும் எரியுது. மிஷினுல ஒரு கொறையும் இல்ல. இதோ, சேதி வந்துடுச்சி.

— எங்க இருக்கு?

— அங்கயேதான். இன்னும் கொஞ்சம் வடக்க.

— ஐயோ, காலையில இத அணைச்சிட்டு ஒங்களக் கூப்புட்டேனே. நம்ம ரப்பர வச்சி தேய்ச்சிக்கினு இருந்த நேரமெல்லாம் அவரு அங்க கெடந்துருக்காரே.

— தண்ணி, சாப்பாடு?

— மகத்துக்கு வர்றவங்க எவ்ளோ வச்சிருப்பாங்க? போட்டுல அவரோட சேத்து அஞ்சி பேரு. அந்தப் பம்பு... மகம் முடியட்டும்னு சொன்னாங்களே.

— கோஸ்ட் கார்டுக்கு நான் போன் பண்றேன். இந்த ரெண்டு நம்பரையும் அவங்ககிட்ட சொன்னாப் போதும். நீ சின்னக்கண்ணு அண்ணனக் கூப்புடு. மறுபடியும் சிரிப்பாருன்னு பயமா இருந்தா நானும் கூட நிக்கிறேன்.

— சிரிக்கட்டும். ஊரே சிரிக்கட்டும். மாமா! யோவ் மாமா! அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுங்க!

— இன்னாமா இந்தக் கத்து கத்துற? வந்துட்டானா? பொட்டி சரியாயிடுச்சா?

— பொட்டி சரியாத்தான் ஓடுது மாமா. சாமிக்குச் சோடிச்ச போட்ட அவுத்துவுடுங்க, நின்னுட்டது நம்ம அஞ்சலாட்சி.