ஆறாவது குழந்தை

எங்கள் பர்ச் தெருவில் எந்த வீட்டு கராஜ் கதவு எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. மினசோட்டாவில் ஆறு மாதம் பனி. ஜன்னலை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. மூன்றாம் வீட்டு ஆஸ்ட்பி, குடியை விட்டுவிட்டதாகச் சர்ச்சில் எழுந்து நின்று சொன்னார். வாரம் ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு போவது காலி பாட்டில்களைப் பக்கத்து ஊர்த் தொட்டியில் போடுவதற்குத்தான். எனக்கு அது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதாவது, இரண்டு பேருக்கு மேல் சொன்னதில்லை.

என் பெயர் மார்லிஸ் ஹாக்கன்சன், வயது ஐம்பத்தொன்பது. பத்தொன்பது வருஷமாக பம்ப் வரைகிறேன். திரவம் இருக்கும் எந்தப் பாத்திரத்தின் தலையிலும் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் வரும், விட்டால் நிற்கும் என்று ஆக்குவது என் வேலை. ஓட்டலில் பான்கேக் மேல் சிரப் ஊற்ற ஒரு குமிழை அழுத்துவீர்களே, அதில் என் கைவேலையும் இருக்கிறது. அழுத்தி முடித்த பிறகு ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்குமே, அந்தச் சொட்டை ஒழிப்பதற்கு எனக்கு நான்கு வருஷம் ஆனது.

விசாரிக்க வந்த நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: குழந்தையை முதலில் எப்போது பார்த்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல அந்தப் பம்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கார் கண்ணாடியைக் கழுவும் நீலத் தண்ணீர் எங்கள் ஊரில் எல்லார் கராஜிலும் ஒரு கேன் இருக்கும். மைனஸ் முப்பதிலும் உறையாது, ஏனென்றால் அதில் இருப்பது மெத்தனால், விஷச் சாராயம். பார்க்கப் பிறந்தநாள் விருந்தில் வைக்கும் ஜூஸ் மாதிரி இருக்கும். சின்னக் குழந்தைக்கு ஓரிரு மடக்கு போதும்; முதலில் கண்ணைத்தான் தொடும். ஆகவே அதன் மூடியைக் குழந்தைகளால் திறக்க முடியக்கூடாது என்பது சட்டம். கையுறை போட்ட கிழவர்களால் திறக்க முடிய வேண்டும் என்பதும் சட்டம்தான். கேனைத் தூக்கிச் சாய்த்துப் பாதியைப் பூட்ஸில் ஊற்றிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அதற்காகத்தான் கேனின் தலையில் திருகி வைக்கும் ஒரு பம்ப் செய்தேன். பேட்டரியில் ஓடும். கழுத்து வளையத்தைக் கால் சுற்று திருப்ப வேண்டும், டக் என்று ஒரு சத்தம் வரும், பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குழாய் வழியாக வரும். விரலை எடுத்தால் ஒரு சொட்டு விழாது.

"குழந்தைங்க திறக்கக்கூடாது, கெழவிங்க திறக்கணும். இதுல என்ன பெரிய கஷ்டம்?" என்றான் வெர்ன். எங்கள் கம்பெனி முதலாளி. பம்ப் என்றால் சைக்கிளுக்குக் காற்றடிப்பது என்று நினைத்துக்கொண்டு அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கிக்கொண்டவன்.

"கெழவிங்க கையைக் கழட்டிக் குழந்தைங்களுக்கு மாட்டிவிட்டா ஒரு கஷ்டமும் இல்ல வெர்ன்" என்றேன்.

வளையத்தின் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்தபோது சோதனைக்கு வந்த வயதான சர்ச் பெண்மணிகள் திறக்கத் திணறினார்கள். "இதத் திறந்து முடிக்கறதுக்குள்ள பனியே உருகிடும் மார்லிஸ், அப்பறம் எதுக்கு இது?" என்று ஒருத்தி கேனை என் மடியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். கிழவிகள் தேறிவிட்டார்கள். மிச்சம் குழந்தைகள்.

அந்தச் சோதனையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்றரை வயதிலிருந்து நாலே கால் வயது வரை ஐம்பது குழந்தைகள். இரண்டிரண்டு பேராகத் தரையில் உட்கார வைத்து ஆளுக்கொரு கேன், உள்ளே வெறும் தண்ணீர். "இதை எனக்காகத் திறந்து குடுங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிடம். திறக்காவிட்டால் ஒரே ஒருமுறை நாமே திறந்து காட்ட வேண்டும். பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி ஐந்து நிமிடம். சோதனை செய்பவர் உதவக்கூடாது, தடுக்கக்கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. கடைசியில் ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, "தனியா இருக்கும்போது இந்த மாதிரி எதையும் திறக்கவே கூடாது, வயித்தை வலிக்கும்" என்று எச்சரித்து அனுப்ப வேண்டும். ஐம்பதில் ஐந்து பேர் வரை திறந்தால் பம்ப் தேறும். ஆறாவது குழந்தை திறந்துவிட்டால் இன்னொரு ஐம்பது பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வெளியாள் வைத்துச் செய்ய வேண்டிய காரியம். வெர்ன் என்னையே செய்யச் சொல்லி வெளியாள் பெயரில் தாள் அச்சடித்துக் கொடுத்தான். சர்ச் நர்சரியில் நடத்தினேன். நாற்பத்தெட்டுக் குழந்தைகள் முடிந்தபோது ஐந்து பேர் திறந்திருந்தார்கள்.

கடைசி ஜோடியில் ஒருத்தி சோல்வே. என் எதிர்வீட்டு டெனா லிண்ட்க்விஸ்டின் மகள், வயது மூன்றே முக்கால். பக்கத்தில் உட்கார்ந்த பையன் கேனைப் பார்த்ததும் அழத் தொடங்கினான். சோல்வே அவனை ஒருமுறை ஏளனமாகப் பார்த்தாள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. நான் திறந்து காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வளையத்தைக் கடைவாய்ப் பல்லால் கடித்து, தலையையே ஒரு பக்கமாகத் திருப்பினாள். டக். ஒன்பது விநாடி.

"மிஸ் மார்லிஸ், நான் தெறந்துட்டேன்" என்றாள்.

அவள் தாளில், குழந்தை கலந்துகொள்ள மறுத்தது என்று எழுதினேன். மறுத்த குழந்தையை நீக்கிவிட்டு வேறு குழந்தையை வைக்க விதியில் இடம் உண்டு. வேறு குழந்தையை வைத்தேன். அது கேனைத் தள்ளிவிட்டுப் பிஸ்கட் கேட்டது. நல்ல குழந்தை.

ஒரு குழந்தைக்காக ஸ்பிரிங்கை இறுக்கினால் கிழவிகள் தோற்பார்கள். கிழவிகளுக்காகத் தளர்த்தினால் குழந்தைகள் ஜெயிப்பார்கள். பனிக்காலத்துக்கு முன்னால் கடைக்குப் போகாத பம்ப்பை அடுத்த வருஷம் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருத்தி பல் விசேஷமான பல் என்று வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே டெனா வேலியருகே வந்து விசாரித்தாள்.

"எங்க வீட்டு ராணி எப்படிப் பண்ணினா?"

"கலந்துக்கவே மாட்டேன்னுட்டா டெனா. ஒரே வெக்கம்."

"யாரு, சோல்வேயா? வெக்கமா? மார்லிஸ், நீங்க வேற வீட்டுப் பிள்ளையைப் பாத்திருக்கீங்க." அவள் சிரித்தபடியே போனாள். பயம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. பெரிய பயம் இல்லை. ஸ்வெட்டருக்குள் ஒரு ஐஸ் துண்டு விழுந்த மாதிரி, எடுக்கவும் முடியாமல் கரையவும் கரையாமல்.

பம்ப் கடைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி எனக்கு ஒரு பெட்டி இலவசமாகக் கொடுத்தது. நிறைந்த கேனின் தலையில் பம்ப்பை மாட்டி, ரிப்பன் கட்டி, தெரு முழுக்கக் கொடுத்தேன். டெனா வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கொடுக்கவில்லை.

ஜனவரியில் தபால்பெட்டி அருகில் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார் வீட்டுலயும் சிவப்பு பட்டன் அழகா இருக்கு."

"ஸ்டாக் தீந்துபோச்சு டெனா."

"ஐயோ, அதுக்கில்ல. எங்களுக்கு வேணும்னும் இல்ல. நாங்க பழையபடி சாய்ச்சே ஊத்திக்கிறோம். சும்மா சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் சும்மா சொன்னேன் என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி. அடுத்த ஞாயிறு சர்ச் காபியின்போது மூன்று பேர் தனித்தனியாக வந்து, எனக்கும் டெனாவுக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார்கள். ஆஸ்ட்பி மனைவி, "அந்த வீட்டை மட்டும் விட்டுட்டீங்களாமே, காரணம் இல்லாம மார்லிஸ் எதையும் செய்ய மாட்டாளே" என்று என் கண்ணையே பார்த்தாள். காரணம் தேடுகிறார்கள். தெரு முழுக்க என்னைப் பார்க்கிறது. எனக்கு அது பழக்கமில்லை. பார்ப்பது எப்போதும் நான்தான். மறுநாளே ஒரு கேனை ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"இதெல்லாம் எதுக்கு மார்லிஸ், வேணாமே" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு பம்ப்பைத் திருப்பிப் பார்த்து, "குழந்தைங்களுக்குத் திறக்க வராதுல்ல?" என்றாள்.

"வராது" என்றேன். ஒரே சொல்.

மேல் தட்டில் வை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒரு தாயிடம் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்வது எங்கள் ஊரில், பனி ஒட்டிய பூட்ஸோடு அவள் கம்பளத்தில் நடப்பது போன்றது. ஏன் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது.

அதன்பிறகு அந்தக் கராஜ் கதவு ஏறும் ஒவ்வொரு முறையும் என் கை மரத்துப்போகும். டெனா காரை எடுக்கும்வரை ஜன்னலில் நிற்பேன், கதவு இறங்கியதும் உட்காருவேன். சூப் ஆறிப்போகும். கேட்க முடியாத தூரத்திலிருந்து டக் சத்தம் கேட்கும். ஆறு வாரம் அப்படி. மனிதர்கள் எவ்வளவு நாள் அப்படி இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி சனிக்கிழமை மதியம் நடந்ததைத் தெருவே சொல்லும். மார்லிஸ் கோட்டுகூடப் போடாமல் ஓடினாள், குழந்தையைத் தூக்கினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். "உங்க கண்ணு மட்டும் இல்லன்னா என் பிள்ளை போயிருப்பா" என்று டுலூத் ஆஸ்பத்திரி வராந்தாவில் டெனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சோல்வேக்கு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்கிறாள். கண் திரும்புமா என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. சர்ச்சில் எனக்காகத் தனிப் பிரார்த்தனை செய்தார்கள்.

பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி குழந்தையிடம், இனிமேல் தனியாக அதையெல்லாம் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதற்குச் சோல்வே, "நான் தனியாத் தெறக்கல. மிஸ் மார்லிஸ் பாத்துட்டே இருந்தாங்க" என்றாளாம். அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

சரி. அந்தச் சனிக்கிழமை டெனா காரில் கண்ணாடித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை அழுதது. கேனைத் தரையில் வைத்து, ஒழுங்காக வளையத்தைப் பூட்டிவிட்டுத்தான் போனாள். அவள்மேல் குற்றமில்லை. சோல்வே கராஜ் வாசலில் பொம்மைக் கோப்பைகளில் பனியை அள்ளி டீ போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கேனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். கையை ஆட்டினாள்.

நான் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பயத்தில் உறைந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். வேண்டாம். நான் தெளிவாக இருந்தேன். அவள் கையில் கம்பளிக் கையுறை இருந்தது, வழுக்கும். நர்சரியில் நடந்தது தற்செயலா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்றைக்கு அவளால் முடியவில்லை என்றால் நான் எழுதிய தாள் பொய்யில்லை, இனி ஜன்னலில் நிற்க வேண்டியதில்லை. ஆறு வாரத்தில் முதல்முறையாக என் கை மரத்துப்போகவில்லை. அடுப்பு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று நிமிடம் கையுறையோடு போராடினாள். நன்றாகத் தாங்கியது. பிறகு கையுறைகளைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். கேனை முழங்காலில் இடுக்கினாள். நான்காவது நிமிடம் தலை திரும்பியது. குழாயை மஞ்சள் கோப்பைக்குள் விட்டுப் பொத்தானை அழுத்தினாள், நிரம்பியதும் விரலை எடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கோப்பையை என் பக்கம் தூக்கிக் காட்டினாள். அவள் சிரித்தது இங்கிருந்தே தெரிந்தது.

அவள் குடித்தபோது கடிகாரத்தில் நான்கு நிமிடம் நாற்பது விநாடி. விதிப்படி இன்னும் இருபது விநாடி பாக்கி இருந்தது, நான் காத்திருக்கவில்லை, அப்போதே எழுந்து ஓடினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.